மேனியும் ஓர் அமானிதமே!

அகிலங்கள் அனைத்தையும் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹு தஆலாவுக்கே எல்லாப் புகழும். அவனுடைய அருமைத் தூதர் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் என்றென்றும் உண்டாவதாக!



அல்லாஹ் நமக்குத் தந்துள்ள நிஃமத்துகளை எண்ணிப் பார்க்கும்போது வீட்டையும் வாசலையும், மக்களையும் செல்வத்தையும் எண்ணுகிறோம். நம்மைத் தலை முதல் கால்வரை போர்த்தியிருக்கும் தோலை எண்ணுகிறோமா? வெயிலையும் குளிரையும் உணர்த்துவது அதுவே. கிருமிகளை உள்ளே விடாமல் காப்பதும் அதுவே. மறுமையில் மனிதனுக்கு எதிராக அவனுடைய தோலே சாட்சி சொல்லும் என்ற கருத்தைக் குர்ஆன் ஹாமீம் ஸஜ்தா அத்தியாயத்தில் எடுத்துரைக்கிறது. நமக்காகவும் நமக்கு எதிராகவும் சாட்சி சொல்ல இருக்கும் ஒன்றை நம் இஷ்டம்போல் செய்துகொள்ள நமக்கு உரிமை உண்டா? இல்லை. மேனி நம்முடைய சொத்தல்ல, நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. சென்னை ஈக்காட்டுத்தாங்கலைச் சேர்ந்த ஒரு தந்தை, மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம் மகனை அண்மையில் நம்மிடம் அழைத்து வந்தார். பையனின் தாயார் இதய நோயால் மவுத்தாகி ஓராண்டுகூட ஆகவில்லை. அவருக்கு மருத்துவமனையில் கடைசியாக எடுத்த இ.சி.ஜி. தாளைப் பையன் பத்திரமாக வைத்திருக்கிறான். அதில் ஓடும் கோட்டைத் தன் முன்கையின் உட்புறத்தில் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்பது அவன் ஆசை.

“ஹழ்ரத், பச்சை குத்தினால் காஃபிராகிவிடுவாய் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்கமாட்டேன் என்கிறான். நீங்களாவது சொல்லுங்கள்” என்றார் தந்தை.

பையன் தலை குனிந்தபடி சொன்னான்: “நான் ஸ்டைலுக்காகக் கேட்கவில்லை ஹழ்ரத். அந்தத் தாள் நாளுக்கு நாள் மங்கிக்கொண்டே போகிறது. இன்னும் கொஞ்ச நாளில் கோடே தெரியாது. அம்மாவின் கடைசித் துடிப்பு என் கையிலாவது இருக்கட்டுமே என்றுதான்...”

இதற்கு என்ன பதில்? கோபம் பதிலாகாது. ‘போகட்டும், சிறு பிள்ளைதானே’ என்ற அலட்சியமும் பதிலாகாது. மார்க்கம் என்ன சொல்கிறது, ஏன் சொல்கிறது, அதற்குப் பதிலாக எதைத் தருகிறது என்ற மூன்றையும் விளக்குவதே பதில். அது அந்தப் பையனுக்கு மட்டுமின்றிப் பிள்ளைகளைப் பெற்ற எல்லா வீட்டாருக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

ஷரீஅத்தின் தீர்ப்பு

ஊசியால் தோலைத் துளைத்து மையையோ சாயத்தையோ உள்ளே ஏற்றி, அழியாத அடையாளம் பதிப்பதை அரபியில் ‘வஷ்ம்’ என்பார்கள். அதைச் செய்பவரையும் செய்துகொள்பவரையும் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்ததாக இப்னு உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ளது. ஹதீஸின் வாசகம் பெண்பாலில் வந்திருப்பினும் சட்டம் ஆண்களுக்கும் உரியதே என்று மார்க்க மேதைகள் தெளிவுபடுத்தியுள்ளனர். சாபம் என்று வந்துவிட்ட காரியத்தைச் சிறிய பாவமாக எண்ண இடமில்லை.

இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் இதை எடுத்துச் சொன்னபோது, குர்ஆனை ஓதிப் பழகிய உம்மு யஃகூப் என்ற பெண்மணி அவர்களிடம் வந்தார். குர்ஆனை முதலிலிருந்து கடைசிவரை ஓதியிருந்தும் தாம் இதைக் காணவில்லையே என்று கேட்டார். தூதர் தருவதை எடுத்துக்கொள்ளவும் அவர் தடுப்பதை விட்டு விலகவும் பணிக்கும் ஹஷ்ர் அத்தியாயத்தின் 7ஆம் வசனத்தை இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் சுட்டிக் காட்டினார்கள். அப்பெண்மணி அத்துடன் விடவில்லை. தடுக்கப்பட்டவற்றில் ஏதோ ஒன்று உங்கள் வீட்டிலேயே இருக்கிறதே என்றார். போய்ப் பாருங்கள் என்று அவரை வீட்டினுள் அனுப்பினார்கள். அவர் போய்ப் பார்த்தார், அப்படி எதையும் காணவில்லை.

இந்த நிகழ்ச்சியில் இரண்டு படிப்பினைகள் உள்ளன. ஆதாரம் கேட்பது குற்றமல்ல, கேட்டவருக்கு ஆதாரம் தரப்பட்டது என்பது ஒன்று. ஊருக்குச் சொல்பவர் முதலில் தம் வீட்டைக் கவனிக்க வேண்டும் என்பது மற்றொன்று. ‘ஏன் ஹராம்?’ என்று கேட்கும் பிள்ளையை ‘எதிர்த்துப் பேசாதே’ என்று அடக்கும் பெற்றோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

அதே சமயம், இல்லாத தண்டனையை மார்க்கத்தின் பெயரால் சொல்லவும் கூடாது. பச்சை குத்துவது பாவம், ஆனால் அதனால் ஒருவர் காஃபிராகிவிட மாட்டார். பெற்ற மகனைப் பார்த்து அப்படிச் சொல்வது மிகவும் ஆபத்தான வார்த்தை. அந்தத் தந்தையிடமும் இதை நாம் தனியே எடுத்துச் சொன்னோம்.

அன்புக்காக என்றால் ஆகுமா?

‘அழகுக்காகத்தானே கூடாது, அன்புக்காகச் செய்தால் என்ன?’ என்று சிலர் கேட்கலாம். அபூதாவூதில் இடம்பெறும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பைக் கவனியுங்கள். இந்தச் சாபம் நோய் எதுவும் இல்லாமல் செய்துகொள்பவருக்கு உரியது என்று அதில் வருகிறது. அங்கே கூறப்பட்ட விதிவிலக்கு நோய் ஒன்றுதான். பாசமும் பிரிவாற்றாமையும் எவ்வளவு உயர்ந்தவையாயினும் அந்த விலக்கில் சேரவில்லை. படைப்பை மாற்றும்படி மனிதர்களை ஏவுவேன் என்று ஷைத்தான் சூளுரைத்ததை நிஸா அத்தியாயத்தின் 119ஆம் வசனம் தெரிவிக்கிறது. நல்ல நோக்கம் என்ற போர்வையிலும் அந்த ஏவல் வரக்கூடும் என்பதை மறந்துவிடலாகாது.

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். ஊசி குத்தினாலே கூடாது என்றால் மருத்துவமே கூடாதே! அப்படியல்ல. நாயகம் (ஸல்) அவர்கள் இரத்தம் குத்தி எடுக்கும் ஹிஜாமா சிகிச்சையைச் செய்துகொண்டார்கள், அதைச் செய்தவருக்குக் கூலியும் கொடுத்தார்கள். ஆகவே தோலைத் துளைப்பது பிரச்சினையல்ல, எதற்காகத் துளைக்கிறோம் என்பதே கேள்வி.

ஈக்காட்டுத்தாங்கலுக்கு அருகே கிண்டியில் 1899ஆம் ஆண்டில் தோன்றிய கிங் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. பெரியம்மைக்கான அம்மைப்பாலைத் தயாரித்து மாகாணம் எங்கும் அனுப்பிய இடம் அது. நம் பாட்டன் பாட்டிமார் பலரின் மேல்கையில் அம்மை குத்திய வட்டத் தழும்பு இருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். அதுவும் ஊசியால் வந்த அழியாத அடையாளம்தான். ஆனால் அந்த ஊசி உயிரைக் காத்தது. 1980இல் உலக சுகாதார நிறுவனம் பெரியம்மை உலகை விட்டே ஒழிந்தது என்று அறிவிக்கும் நிலைக்கு நம்மைக் கொண்டு சேர்த்தது. அந்தத் தழும்பையும் இன்றைய டாட்டூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஷரீஅத் எதை அனுமதிக்கிறது, எதைத் தடுக்கிறது என்பது விளங்கிவிடும்.

இதே அடிப்படையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை தரும்போது, ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் கதிர் படுவதற்காகச் சில மருத்துவமனைகளில் தோலில் மிகச் சிறிய புள்ளிகளைப் பச்சையாகக் குத்துவதுண்டு. இது சிகிச்சை, ஆகவே கூடும். இந்தப் புள்ளிக்கு அஞ்சி நம் தாய்மார்கள் எவரும் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. நாளை மருத்துவராகப் போகும் முஸ்லிம் பிள்ளைகள் இந்த மஸ்அலாவைத் தெரிந்து வைத்திருந்தால், பயந்து நிற்கும் ஒரு நோயாளிக்கு ஆறுதல் சொல்லலாம்.

மருத்துவம் படிப்பவர் எண்ணிப் பார்க்க வேண்டியவை

ஹராம் என்று தெரிந்தபின் முஃமினுக்கு வேறு காரணம் தேவையில்லை. ஆயினும் மருத்துவ மாணவர் என்பதால் அவருடைய கல்வியே இதில் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

பச்சையின் மை மேல் தோலில் தங்குவதில்லை, அதற்கு அடியிலுள்ள இரண்டாம் அடுக்கில் சென்று சேருகிறது. அந்நியப் பொருள் நுழைந்துவிட்டது என்று கண்டதும் உடலின் காவல் அணுக்கள் ஓடிவந்து அதை விழுங்குகின்றன. விழுங்கியதைக் கரைக்க அவற்றால் முடிவதில்லை. அந்த அணு இறந்தால் வெளிப்படும் மையை அடுத்து வரும் அணு விழுங்கிக்கொள்கிறது. 2018இல் பிரான்ஸ் நாட்டின் மார்ஸெய் நகர ஆய்வாளர்கள் எலிகளிடம் இதைக் கண்டறிந்தனர். மையின் நுண்துகள்கள் நிணநீர் முடிச்சுகள் வரை சென்று தங்குவதை 2017இல் வெளியான ஜெர்மன், பிரெஞ்சு ஆய்வு காட்டியது. டாட்டூ மைகளில் சேரும் ஆயிரக்கணக்கான இரசாயனப் பொருள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் கட்டுப்பாடு விதித்தது. சுப்ஹானல்லாஹ்! நம்மைக் காக்க அல்லாஹ் உள்ளே காவலர்களை நிறுத்தியிருக்க, நாமோ அவர்களுக்கு ஆயுள் முழுதும் முடியாத வேலையை ஏவுகிறோம்.

சுத்தம் செய்யாத ஊசியால் ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, எச்.ஐ.வி. ஆகியவை பரவக்கூடும் என்பதை மருத்துவ மாணவருக்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை. சுத்தமாக நடத்தும் கடைகளும் இருக்கலாம். ஆனால் 2024 டிசம்பரில் திருச்சியில் என்ன நடந்தது? டாட்டூ கடை ஒன்றில் நாக்கையே இரண்டாகப் பிளந்துவிடும் வேலை நடந்ததும், அதன் தொடர்பில் போலீசார் கைது செய்ததும், கடைக்கு சீல் வைக்கப்பட்டதும் பத்திரிகைகளில் வந்தன. மருத்துவம் படிக்காதவர் கையில் கத்தியும் ஊசியும் சென்றால் எதுவரை போகும் என்பதற்கு இது சாட்சி.

இன்னொரு விஷயம் நம் மனத்தை மிகவும் தொட்டது. தேசிய இரத்தப் பரிமாற்றக் குழுமம் 2017இல் வகுத்த நெறிமுறைப்படி, பச்சை குத்திக்கொண்டவர் 12 மாதங்கள் இரத்த தானம் செய்ய முடியாது. தாயின் நினைவுக்காகக் கையில் கோடு போட்டுக்கொண்ட மகன், வார்டில் இன்னொருவருடைய தாய் இரத்தம் இன்றித் தவிக்கும்போது ஓராண்டு காலம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்! நினைவுச் சின்னம் என்பது இதுதானா?

‘இரத்த வகையைப் பச்சை குத்திக்கொண்டால் ஆபத்தில் உதவுமே’ என்ற பேச்சும் மாணவர்களிடையே உண்டு. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் லேக் கவுண்டி என்ற பகுதியில் அணுகுண்டு அச்சத்தால் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட இதைச் செய்தார்கள். மருத்துவர்களோ தோலில் உள்ள எழுத்தை நம்பி இரத்தம் ஏற்ற முன்வரவில்லை, திட்டம் கைவிடப்பட்டது. இன்றும் பரிசோதனை செய்து பொருத்தம் பார்த்த பின்பே இரத்தம் ஏற்றுகிறார்கள். சர்க்கரை நோய், மருந்து ஒவ்வாமை போன்றவற்றைத் தெரிவிக்கச் சட்டைப் பையில் ஓர் அட்டையோ, கையில் ஒரு பட்டையோ போதும். ஹலாலான வழி இருக்கும்போது நிர்ப்பந்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பிழைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘பச்சை குத்தினால் வேலையே கிடைக்காது’ என்று பொய்யாகப் பயமுறுத்தத் தேவையில்லை, எத்தனையோ பேர் பச்சையுடன் பணி செய்கிறார்கள். ஆனால் இராணுவ ஆட்சேர்ப்பு விதிகளில் உடலில் எந்த இடத்தில் பச்சை இருக்கலாம் என்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. மத்திய ஆயுதப் போலீஸ் படைகளில் சல்யூட் அடிக்கும் வலது முன்கையில் பச்சை இருந்ததற்காகத் தகுதி இழந்தவர்கள் நீதிமன்றம் வரை சென்றுள்ளனர். இருபது வயதில் குத்திய கோடு எங்கே, எப்போது குறுக்கே நிற்கும் என்பதை யாரும் சொல்ல முடியாது.

ஏற்கனவே குத்திக்கொண்டவர்கள்

‘பச்சை குத்தியவரின் தொழுகையே கூடாது, வுளூவின் தண்ணீர் தோலில் படாது’ என்று பேசுவோர் உண்டு. இது சரியல்ல. மை தோலுக்கு அடியில் இருக்கிறது, வுளூவின் தண்ணீர் தோலின் மேல் படுகிறது, ஆகவே அது தண்ணீரைத் தடுப்பதில்லை.

அதை அகற்ற வேண்டுமா என்பதில் மத்ஹபுகளிடையே விளக்க வேறுபாடு உண்டு. குத்தும்போது கசிந்த இரத்தம் மையுடன் உறைந்துவிடுவதால் அந்த இடம் நஜீஸாகிறது என்பதும், தீங்கு ஏற்படாதெனில் அகற்றுவது கடமை, தீங்கு அஞ்சப்பட்டால் கடமையில்லை, தவ்பா போதும் என்பதும் ஷாஃபிஈ மத்ஹபின் விளக்கம். கழுவிவிட்டால் தூய்மையாகிவிடும், தோலை உரித்து அகற்றக் கட்டாயமில்லை என்பது ஹனஃபி அறிஞர்களின் விளக்கம். லேசர் சிகிச்சையால் அகற்றுவதாயின் பலமுறை செய்துகொள்ள நேரிடும், சிலருக்குத் தழும்பும் தங்கிவிடும். ஆகவே நல்ல தோல் மருத்துவரையும் தம் மத்ஹபின் ஆலிமையும் கலந்து முடிவு செய்வதே முறை.

இஸ்லாத்தைத் தழுவுமுன் பச்சை குத்திக்கொண்டவர்களையும், அறியாத வயதில் யாரோ குத்திவிட்ட நம் கிராமத்து மூதாட்டிகளையும் ஏளனமாகப் பார்ப்பது பெருங்குற்றம். அபூபக்கர் (ரலி) அவர்கள் நோயுற்றுக் கிடந்தபோது அவர்களுடைய துணைவியார் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்கள் அருகிலிருந்து ஈ விரட்டிக்கொண்டிருந்ததையும், அவர்களின் கைகளில் பச்சை குத்தியிருந்ததையும் கைஸ் இப்னு அபீஹாஸிம் கண்டதாக ஓர் அறிவிப்பு உள்ளது. அது தடை வருமுன் குத்தப்பட்டது என்று அறிஞர்கள் விளக்கம் தருகிறார்கள். அந்தக் கைகள்தாம் ஸித்தீக் (ரலி) அவர்களுக்குப் பணிவிடை செய்தன, வஃபாத்துக்குப் பின் குளிப்பாட்டியதும் அந்தக் கைகளே. அல்லாஹ் அந்தக் கைகளின் பணியைப் பார்த்தான். நாளைய மருத்துவர்களும் தம் நோயாளியின் தோலில் எழுதியிருப்பதைப் படித்து அவரை எடைபோடாமல், அவருடைய வலியைப் பார்க்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பச்சைக்குப் பதிலாகப் பெண்களுக்கு மருதாணி ஹலாலான அலங்காரம். ஆனால் ‘கறுப்பு மருதாணி’ என்ற பெயரில் விற்பவற்றில் தலைச்சாயத்தில் சேரும் பி.பி.டி. என்ற இரசாயனம் கலப்பதுண்டு, அது தோலில் கொப்புளத்தையும் புண்ணையும் உண்டாக்கும். கல்யாண வீட்டார் இதில் கவனமாக இருக்கட்டும்.

அழியாத நினைவு எது?

மார்க்கம் ஒரு கதவை மூடினால் பல கதவுகளைத் திறந்து வைக்கிறது. நாயகம் (ஸல்) அவர்கள் தம் ஆறாம் வயதில் அன்னை ஆமினாவை அப்வா என்ற இடத்தில் பறிகொடுத்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் அந்தக் கப்ரைக் கண்டபோது அழுதார்கள், சுற்றி நின்றவர்களும் அழுதார்கள். ஆகவே தாயை நினைத்து அழுவது பலவீனமல்ல, ஸுன்னத்தில் அதற்கு இடம் உண்டு. அன்னை கதீஜா (ரலி) அவர்கள் மறைந்த பின்பும் வீட்டில் ஆடு அறுத்தால் அவர்களுடைய தோழியருக்கு இறைச்சி அனுப்பி வைப்பார்கள். ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்கள் தாம் ஊரில் இல்லாத வேளையில் தாயை இழந்தார்கள். தாயாருக்காகத் தர்மம் செய்தால் பலன் சேருமா என்று கேட்டு, ஆம் என்ற பதில் கிடைத்ததும் தம் தோட்டத்தையே தர்மமாக்கினார்கள். மனிதன் இறந்தபின்பும் தொடரும் நன்மைகளில் நிலையான தர்மம், பயனுள்ள கல்வி, பெற்றோருக்காகத் துஆச் செய்யும் ஸாலிஹான பிள்ளை ஆகியவை உண்டு என்பது நாமெல்லாம் அறிந்த ஹதீஸ்.

இந்த மூன்றும் ஒரு மருத்துவ மாணவரிடம் ஒன்றாகவே சேரக்கூடியவை அல்லவா? இ.சி.ஜி. தாள் மங்குகிறதா, நகல் எடுத்துப் பத்திரப்படுத்தலாம், அதில் தவறில்லை. ஆனால் தாய்க்குத் தேவைப்படுவது அந்தக் கோடல்ல. மகன் ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் கேட்கும் துஆவும், அவர் பெயரால் ஆண்டுதோறும் தரும் இரத்தமும், ஏழை இதய நோயாளி ஒருவருக்கு வாங்கித் தரும் மருந்துமே அவருக்குத் தேவை. நாளை அதே இ.சி.ஜி. கோட்டை வேறொரு தாளில் படித்து, வேறொரு பிள்ளையின் தாயை அவர் காப்பாற்றினால், அந்த நன்மையில் பெற்றவளுக்கும் பங்கு கிடைக்கும் என்று அல்லாஹ்விடம் ஆதரவு வைப்போம்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை இப்படி ஒன்றைக் கேட்டால், ‘ஏன்?’ என்று முதலில் அன்போடு கேளுங்கள். சிலருக்கு அது நண்பர்களைப் பார்த்து வந்த ஆசையாக இருக்கும். சிலருக்கு வெளியே சொல்ல முடியாத துக்கமாக இருக்கும். முன்னதற்கு அறிவுரை போதும், பின்னதற்கு அருகில் உட்கார ஓர் ஆள் வேண்டும். மவுத்தான வீட்டில் நாற்பது நாள் பேச்சு முடிந்ததும் எல்லோரும் அவரவர் வேலைக்குப் போய்விடுகிறோம். பிள்ளை தன் துக்கத்தை எங்கே எழுதுவது என்று தேடுகிறான். அதைத் தோலில் எழுதும் நிலைக்கு அவனை விட்டுவிடாதீர்கள். கப்ர் ஸியாரத்துக்கு அவனைக் கூட அழைத்துச் செல்லுங்கள். தாயாரைப் பற்றி அவனோடு உட்கார்ந்து பேசுங்கள்.

யா அல்லாஹ்! நீ அமானிதமாகத் தந்த இந்த மேனியைப் பேணிக் காத்து, நீ தந்தபடியே உன்னிடம் திருப்பி ஒப்படைக்கும் பாக்கியத்தை எங்களுக்குத் தருவாயாக! அறியாமல் தவறியவர்களின் தவ்பாவை ஏற்றுக்கொள்வாயாக! மருத்துவம் பயிலும் எங்கள் மக்களின் கைகளில் ஷிஃபாவை வைப்பாயாக! எங்களை விட்டுப் பிரிந்த தாய்மார்கள், தந்தைமார்களின் கப்ருகளை ஒளிமயமாக்கி வைப்பாயாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.